பிளம்பரா, பிளம்மரா? ஆங்கில உச்சரிப்புக்கே தனி அகராதி போட்ட டேனியல் ஜோன்ஸ் யார்?

'பிளம்பர்' என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த 'பி' எழுத்துக்குச் சத்தமே கிடையாது. 'பிளம்மர்' என்பதுதான் உச்சரிப்பு. ரசீதை 'ரெசிப்ட்' என்கிறோம்; அது 'ரிசீட்'. எழுத்தை மட்டும் பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகவே 1917-ல் ஓர் அகராதி வந்தது. அதில் அர்த்தம் தேடினால் கிடைக்காது. 50 ஆயிரத்துக்கும் அதிகமான சொற்களை எப்படி உச்சரிப்பது என்பது மட்டும்தான் இருக்கும். அதைத் தொகுத்தவர் டேனியல் ஜோன்ஸ்.

கணக்கு, சட்டம்... கடைசியில் ஒலி

1881 செப்டம்பர் 12-ல் லண்டனில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜோன்ஸ், அப்பா வழியில் சட்டமும் படித்து 1907-ல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். ஆனால் ஒரு நாள்கூட அந்தத் தொழிலைச் செய்யவில்லை. மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

பாரிஸில் பால் பாஸி என்ற ஒலியியல் அறிஞரிடம் பாடம் கேட்டார். பின்னாளில் அவருடைய உறவுப் பெண்ணையே திருமணமும் செய்துகொண்டார். 1907-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்தவர், 1921-ல் அங்கேயே ஒலியியல் பேராசிரியர் ஆனார்.

முதல் முயற்சி தலைகீழ்!

1913-ல் ஹெர்மன் மைக்கேலிஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு அகராதி போட்டார். அதில் ஒலிக்குறிதான் முதலில் வரும், எழுத்து அடுத்ததாக வரும். அதாவது, உச்சரிப்பு தெரிந்தால்தான் சொல்லையே தேட முடியும்! உச்சரிப்பு தெரியாதவருக்கு அதில் என்ன பயன்? நான்கு வருடம் கழித்து வந்த 1917 அகராதியில் வழக்கமான அகர வரிசைக்கு மாறினார். அதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

அதில் அப்படி என்ன இருக்கு?

இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒலிக்குறி. ஒரு குறிக்கு ஒரு ஒலிதான். தமிழில்கூட 'கல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் சத்தம் வேறு வேறு. கேட்டே வளர்ந்ததால் நமக்கு அது உறைப்பதில்லை. ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் ஒலிக்குறி கைகொடுக்கிறது.

இன்னொன்று, அழுத்தக் குறி. 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். போட்டோ எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். 'ஃபோ' தேய்ந்து 'ஃப' ஆகிவிடும். நாம் பேசுவது எதிரே இருப்பவருக்குப் புரியாமல் போக இந்த அழுத்தம் மாறுவதும் ஒரு முக்கியக் காரணம்.

யாருடைய ஆங்கிலம் அது?

இங்கேதான் சிக்கல். ஜோன்ஸ் பதிவு செய்தது எல்லா ஆங்கிலேயர்களின் பேச்சையும் அல்ல. தென் இங்கிலாந்தில், பெரிய 'பப்ளிக் ஸ்கூல்'களில் படித்தவர்களின் வீட்டுப் பேச்சு அது. பெயர்தான் பப்ளிக், உண்மையில் வசதியானவர்கள் படிக்கும் தனியார் உறைவிடப் பள்ளிகள். ஒரு சிறு கூட்டத்தின் பேச்சு!

அதை அவர் மறைக்கவும் இல்லை. இதுதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்று சொல்வது தன் வேலை இல்லை என்பதே அவர் நிலைப்பாடு. ஒரே உச்சரிப்பை எல்லோர் மீதும் திணிக்க முடியும் என்று அவர் நம்பவில்லை. ஆனால் புத்தகம் கைமாறக் கைமாற, பதிவு சட்டமாகிவிட்டது. வகுப்பறைகளில் அதுதான் அளவுகோல் ஆனது. பேச உதவ வந்த புத்தகத்தை வைத்தே, பேசுபவரைத் திருத்தவும் சிரிக்கவும் முடிந்தது.

ஆங்கிலத்தோடு நிற்காதவர்

தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் சால் பிளாட்ஜேயுடன் சேர்ந்து 1916-ல் செட்ஸ்வானா மொழிக்கும், பெரேரா என்பவருடன் சேர்ந்து 1919-ல் சிங்களத்துக்கும் ஒலிக்குறிப் பாடநூல் எழுதினார். எந்த மொழியையும் பேசுபவரின் வாயிலிருந்தே கேட்டு எழுதும் பழக்கம் அவருக்கு.

1949-ல் ஓய்வு பெற்ற ஜோன்ஸ், 1967 டிசம்பர் 4-ல் தன் 86-வது வயதில் காலமானார். அகராதி நிற்கவில்லை. 1997 பதிப்பில் அமெரிக்க உச்சரிப்பும் சேர்ந்தது. 2011-ல் 18-வது பதிப்பு வந்தது.

இப்போது போனிலேயே ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் உச்சரிப்பு கேட்கிறது. கேட்பதோடு, பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டையும் பாருங்க. அழுத்தம் எங்கே என்று சொல்வது அதுதான். அழுத்தம் சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றபடி, நம்ம ஊர் வாசனை பேச்சில் கொஞ்சம் இருந்தால் அது தப்பு என்று ஜோன்ஸ் எங்கேயும் சொல்லவில்லை.