வரவு குறைந்தாலும் நீதி குறையக் கூடாது: கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்)

ஓர் அரசுத் துறை நன்றாக நடக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? வசூலான தொகையை வைத்தா, வசூலிக்கப்பட்ட மக்களின் நிலையை வைத்தா? உமய்யா ஆட்சியின் வரித்துறைக்கு முன்னால் இந்தக் கேள்வியை வைத்தவர் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

அவர்களின் தந்தை எகிப்தின் ஆளுநர். தாய்வழியில் அவர்கள் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரர். விலையுயர்ந்த ஆடையும் நறுமணமுமாக வாழ்ந்த இளவரசர். ஹிஜ்ரி 87-ல் மதீனாவின் ஆளுநரானதும், அந்நகரத்தின் மார்க்கச் சட்ட அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்து ஆலோசனைக் குழு அமைத்தார்கள். தம் அதிகாரிகளில் யாராவது அநியாயம் செய்வதாக அறிந்தால் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அக்குழுவிடம் அவர்கள் வைத்த கோரிக்கை. ஆனால், ஹஜ்ஜாஜின் கொடுமைக்கு அஞ்சி ஈராக்கிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு மதீனாவில் புகலிடம் கிடைத்தது ஹஜ்ஜாஜுக்குப் பிடிக்கவில்லை. ஹிஜ்ரி 93-ல் உமர் (ரஹ்) பதவி நீக்கப்பட்டார்கள்.

ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கிலாஃபத் அவர்களிடம் வந்தது. சீர்திருத்தத்தை அவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். கலீஃபாவுக்கான அலங்காரக் குதிரைகளை மறுத்தார்கள். தம் வசமிருந்த சொத்துகளின் மூலத்தை ஆராய்ந்து, உரிமையில்லாதவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனைவி ஃபாத்திமா தம் தந்தை கலீஃபா அப்துல் மலிக் தந்த நகைகளைப் பைத்துல் மாலில் ஒப்படைத்தார். அதன் பிறகே உமய்யா குடும்பத்தார் மற்றவர்களிடம் பறித்திருந்த நிலங்கள் பக்கம் கை வைத்தார்கள். உறவினர்களின் கோபம் அவர்களை அசைக்கவில்லை.

அடுத்தது வரித்துறை. இஸ்லாத்தைத் தழுவியவர்களிடமும் ஜிஸ்யா வாங்கும் வழக்கம் பல மாகாணங்களில் இருந்தது. அதை நிறுத்தும்படி உத்தரவிட்டார்கள். வருமானம் சரிந்துவிடும் என்று அதிகாரிகள் கவலைப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அழைப்பாளராக அனுப்பப்பட்டார்களே தவிர வரி வசூலிப்பவராக அல்ல என்பதை நினைவூட்டினார்கள்.

உத்தரவு போட்டதோடு நின்றுவிடவில்லை. அது நடக்கிறதா என்றும் பார்த்தார்கள். குராசானிலிருந்து வந்த ஒரு குழு, அரபியரல்லாத 20,000 முஸ்லிம்கள் ஊதியமின்றிப் போரிடுவதாகவும், ஏறத்தாழ அதே அளவினர் முஸ்லிமான பின்னும் வரி கட்டுவதாகவும் முறையிட்டது. ஆளுநர் ஜர்ராஹுக்கு உடனே கடிதம் போனது. மக்கள் திரளாக இஸ்லாத்தில் நுழைந்தபோது, அவர்கள் வரிக்கு அஞ்சி வருகிறார்கள், கத்னா செய்திருக்கிறார்களா என்று சோதிக்கலாமா என ஆளுநர் கேட்டார். கலீஃபா அதை ஏற்கவில்லை. பின்னர் அந்த ஆளுநர் பதவியில் நீடிக்கவுமில்லை.

சமர்கந்து மக்கள், தளபதி குதைபா தங்கள் நகரத்தை வஞ்சகமாகப் பிடித்தார் என்று முறையிட்டார்கள். வழக்கை ஒரு காழியிடம் ஒப்படைக்க உத்தரவு சென்றது. அரபுப் படை நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று காழி தீர்ப்பளித்தார். தம் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு வரக்கூடும் என்று தெரிந்தும் விசாரணைக்கு வழி திறந்த ஆட்சியாளர் அவர்கள். அந்த நீதியைக் கண்ட நகர மக்கள் மீண்டும் போரை விரும்பாமல், இருந்த நிலையையே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆளுநர்கள் வியாபாரம் செய்வதைத் தடுத்தார்கள். கை நீட்டத் தேவையில்லாத அளவுக்கு ஊழியர்களுக்கு ஊதியம் தந்தார்கள். எழுதும் தாள் வீணாகாமலிருக்க எழுதுகோலைக் கூர்மையாக்கி நெருக்கி எழுதும்படி மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அதே நேரம், உழைக்க முடியாத முதிய முஸ்லிமல்லாதோருக்குப் பைத்துல் மாலிலிருந்து உதவும்படி பஸ்ராவுக்கு எழுதினார்கள். தாளில் சிக்கனம் பார்த்த கை, ஏழைக்குக் கொடுப்பதில் சுருங்கவில்லை.

சுமார் இரண்டரை ஆண்டுகளே ஆண்டு, ஹிஜ்ரி 101-ல், நாற்பது வயதையொட்டி வஃபாத்தானார்கள். அடுத்து வந்த ஆட்சி அவர்களின் சீர்திருத்தங்கள் பலவற்றைக் கைவிட்டது. நல்ல மனிதர் ஒருவர் மட்டும் போதாது, அவருக்குப் பின்னும் கணக்குக் கேட்கும் சமூகம் வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

நம் மஹல்லாக்களிலும் பைத்துல் மால் என்ற அதே பெயரில் நிதி திரட்டுகிறோம். ஆண்டறிக்கையில் எவ்வளவு வந்தது என்று படிப்பதோடு, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் கேட்போம். அந்தக் கேள்வியை நம் வீட்டுக் கணக்கிலிருந்தே தொடங்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக.