திரைச்சீலை வண்டியில் வந்த சிறுமிகள்: பேகம் ரொக்கேயா நடத்திய பள்ளியின் கதை

கொல்கத்தா: ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் மாணவியாக அமர்ந்து படித்திராத ஒரு பெண்மணி, 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி, அன்றைய கல்கத்தாவின் வலியுல்லா சந்தில் 8 சிறுமிகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வீட்டைவிட்டு வெளியே வரவே அனுமதிக்கப்படாத குழந்தைகளை எவ்வாறு வகுப்பறைக்கு அழைத்து வருவது என்பதே அவர் முன் நின்ற முதல் கேள்வி. அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்வின் கடைசி 21 ஆண்டுகளைச் செலவிட்ட அந்தப் பெண்மணி, பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன். எழுத்தாளராகவும் சமூகச் சீர்திருத்தவாதியாகவும் அறியப்படும் அவர், பிறந்ததும் மறைந்ததும் டிசம்பர் 9-ஆம் தேதியில்தான்.

இரவில் நடந்த பாடங்கள்

தற்போது வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் பகுதியின் பைராபந்து கிராமத்தில், 1880-ஆம் ஆண்டு ஜமீன்தார் குடும்பம் ஒன்றில் ரொக்கேயா பிறந்தார். தந்தை அபு அலி சாபர் பன்மொழிப் புலமை கொண்டவர். மகன்களை உயர்கல்விக்கு அனுப்பிய அவர், மகள்களுக்கு அந்த வாய்ப்பை அளிக்கவில்லை. ஐந்து வயது முதலே ரொக்கேயா, வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணிலும் படாமல் மறைந்திருக்க வேண்டியிருந்தது.

அக்காலத்து வங்காளத்தின் உயர்குடி முஸ்லிம் வீடுகளில் உருது, பாரசீகம், அரபு ஆகியவையே மதிப்புக்குரிய மொழிகளாகக் கருதப்பட்டன. மண்ணின் மொழியான வங்காளியைப் பெண்கள் படிப்பது விரும்பப்படவில்லை. இந்தத் தடையை மீறி வங்காளி கற்றவர், ரொக்கேயாவின் தமக்கை கரீமுன்னிசா. தங்கைக்கு அம்மொழியை அறிமுகப்படுத்தியவரும் அவரே. மூத்த சகோதரர் இப்ராகிம் சாபர், வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கு வெளிச்சத்தில் ரொக்கேயாவுக்கு ஆங்கிலம் கற்பித்தார்.

பிற்காலத்தில், பள்ளி வாசலை மிதிக்க இயலாத பெண் குழந்தைகளின் நிலையை ரொக்கேயா நன்கு புரிந்துகொண்டதற்கு இந்த இளமைக்காலமே அடிப்படையாக அமைந்தது. தம் நூல்களில் ஒன்றைத் தமக்கைக்கும் மற்றொன்றைச் சகோதரருக்கும் அவர் காணிக்கையாக்கினார்.

சென்னையில் வெளியான கதை

பிகாரின் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிய சகாவத் ஹுசைனுடன் பதின்ம வயதில் ரொக்கேயாவுக்குத் திருமணம் நடைபெற்றது. மனைவியை இழந்தவரும் வயதில் மிகவும் மூத்தவருமான சகாவத், உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர். இங்கிலாந்து சென்று கற்றுத் திரும்பிய அவர், மனைவி தொடர்ந்து படிப்பதையும் எழுதுவதையும் ஊக்குவித்தார்.

ரொக்கேயாவின் புகழ்பெற்ற ஆங்கிலக் கதையான 'சுல்தானாவின் கனவு', 1905-ஆம் ஆண்டு வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் அறிவியல் துணையுடன் நாட்டை ஆளும் ஓர் உலகை அது சித்திரித்தது. அக்கதையை வெளியிட்டது, கமலா சத்தியநாதனை ஆசிரியராகக் கொண்டு சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழாகும்.

இல்லற வாழ்வு நீடிக்கவில்லை. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. நீரிழிவு நோயால் பார்வையை இழந்த சகாவத், 1909-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். பெண்கள் பள்ளி தொடங்குவதற்காக அவர் 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். கணவர் மறைந்த ஐந்தே மாதங்களில், பாகல்பூரில் 5 மாணவியருடன் ரொக்கேயா பள்ளியைத் தொடங்கினார். ஆனால், கணவரின் முதல் மனைவியின் மகள் தரப்பினருடன் எழுந்த சொத்துப் பிணக்கு காரணமாக அவர் அவ்வூரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கல்கத்தாவுக்கு வந்த அவர், அதே பள்ளியை மீண்டும் தொடக்கத்திலிருந்து உருவாக்கினார்.

வீடு வீடாகச் சென்ற தலைமையாசிரியை

பள்ளி நிர்வாகம் குறித்து ரொக்கேயாவுக்கு அப்போது எந்த அனுபவமும் இல்லை. எனவே, பிரம்ம சமாஜத்தினரும் இந்துக்களும் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்கு நேரில் சென்று, வகுப்புகள் நடத்தப்படும் முறையைக் கவனித்துக் கற்றுக்கொண்டார்.

மாணவியரைச் சேர்ப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளுக்குத் தாமே சென்று, பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் வேண்டினார். பர்தா முறைக்கு எவ்விதக் குறையும் நேராது என உறுதியளித்தார். பெண்களைச் சிறைப்படுத்தும் வழக்கத்தைத் தம் எழுத்தில் கடுமையாகச் சாடிய அவர், பொது இடங்களில் தாமும் புர்கா அணிந்தே சென்றார். அவர் தம் உடையில் காட்டும் சிறு தளர்வும், பல சிறுமிகளின் படிப்பு நின்றுபோகக் காரணமாகிவிடும் நிலை அன்று நிலவியது.

இந்த இக்கட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது பள்ளி வண்டி குறித்த நிகழ்வு. மாணவியரை அழைத்து வருவதற்காக வாங்கப்பட்ட மோட்டார் வண்டி, வெளியார் பார்வை உள்ளே படாத வகையில் நான்கு புறமும் அடைக்கப்பட்டிருந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த வண்டியில் சில சிறுமிகள் வாந்தி எடுத்தனர், சிலர் இருளுக்கு அஞ்சி அழுதனர், சிலர் மயங்கினர். உடனே பக்கவாட்டு அடைப்புகள் திறக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகத் திரைச்சீலைகள் தொங்கவிடப்பட்டன. ஆனால், காற்றில் திரை விலகுவதால் பர்தா கெடுகிறது என்றும், இதனைச் சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதப்போவதாகவும் எச்சரித்துக் கடிதங்கள் வந்தன. அடைத்தால் குழந்தைகளின் உடல்நலம் கெடும். திறந்தால் அவர்களின் படிப்பே நிற்கும். 1931-ஆம் ஆண்டு வெளியான 'அவரோத்பாசினி' என்ற நூலில் இந்நிகழ்வை ரொக்கேயா பதிவு செய்துள்ளார். இத்தனைக்கும் இடையே பள்ளி வண்டியின் ஓட்டம் நிறுத்தப்படவில்லை.

மொழியும் பாடத்திட்டமும்

மாணவியரின் வீட்டுச் சூழலையும் எதிர்காலத் தேவையையும் ஒருசேரக் கருத்தில் கொண்டு பாடங்கள் அமைக்கப்பட்டன. பெற்றோர் எதிர்பார்த்த குர்ஆன் ஓதுதல் கற்பிக்கப்பட்டது. அதன் பொருளும் சேர்த்தே விளக்கப்பட்டது. அத்துடன் ஆங்கிலம், உருது, வங்காளி, பாரசீகம், தையல், சமையல், முதலுதவி, நோயாளர் பராமரிப்பு ஆகியவையும் இடம்பெற்றன. வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்த சிறுமிகளுக்கு உடற்பயிற்சி அவசியம் என்பதை உணர்ந்த ரொக்கேயா, அதனையும் பாடமாக்கினார்.

மொழிப் பிரச்சினை எளிதில் தீரவில்லை. கல்கத்தாவின் வசதி படைத்த முஸ்லிம் குடும்பங்கள் பெரும்பாலும் உருதையே விரும்பியதால், பள்ளி உருது வழியில் நடைபெற்றது. வங்காளியில் எழுதி அம்மொழி இலக்கியத்தில் இடம்பெற்ற ரொக்கேயா, தம் பள்ளியில் தொடங்கிய வங்காளி வகுப்பில் சேர்வதற்குப் போதிய மாணவியர் கிடைக்காமல் தவித்தார். ஆயினும் அம்முயற்சியை அவர் கைவிடவில்லை.

பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியைகள் கிடைக்காததும் பெரும் குறையாக இருந்தது. சென்னை, கயா, ஆக்ரா உள்ளிட்ட தொலைதூர ஊர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாமே பயிற்சியும் அளித்தார். ஆசிரியைகள் இல்லாமல் பள்ளிகள் பெருக இயலாது என்பதை அரசிடம் தொடர்ந்து வலியுறுத்தினார். அதன் பயனாக, 1919-ஆம் ஆண்டு கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அரசால் தொடங்கப்பட்டது.

பள்ளியின் பணத்தைப் போட்டு வைத்திருந்த வங்கி திவாலானதால் பெரும் இழப்பு ஏற்பட்டது. ஊதியம் ஏதும் பெறாமல் உழைத்தபோதிலும், அவர் மீதான அவதூறுகள் ஓயவில்லை. எனினும் மாணவியர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் நூறைக் கடந்தது. 1917-ஆம் ஆண்டு நடுநிலைப் பள்ளியாக உயர்ந்த அப்பள்ளி, 1930-களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

பள்ளிக்கு வர இயலாதவர்கள்

வகுப்பறைக்கு வர வாய்ப்பே இல்லாத பெண்களையும் ரொக்கேயா மறக்கவில்லை. 1916-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய 'அஞ்சுமன்-இ-கவாதீன்-இ-இஸ்லாம்' என்ற பெண்கள் அமைப்பு, ஏழை விதவைகளுக்கு உதவியதுடன், குடிசைப் பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்பித்தது.

1924-ஆம் ஆண்டு வெளியான 'பத்மராக்' நாவலில், அவர் கனவு கண்ட கல்வி நிலையத்தைக் காணலாம். கதையில் வரும் தாரிணி பவனத்தில் பள்ளியும், தொழிற்கூடமும், நோயாளர் இல்லமும் உள்ளன. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பிரம்ம சமாஜப் பெண்கள் அங்கு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பணிபுரிகின்றனர். நடைமுறையில் ஒரு சமூகத்துச் சிறுமிகளைப் பள்ளிக்குக் கொண்டுவரவே போராடிய அவரது எண்ணம், அனைத்துச் சமூகத்துப் பெண்களையும் உள்ளடக்கியதாக இருந்தது. 1926-ஆம் ஆண்டு நடைபெற்ற வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்கும் அவர் தலைமை வகித்தார்.

முடிவுறாத கட்டுரை

1932-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி அதிகாலையில், தமது 52-ஆவது வயதில் ரொக்கேயா காலமானார். பெண்களின் உரிமை குறித்து அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முற்றுப்பெறாமல் நின்றது. கல்கத்தாவை அடுத்த சோத்பூரில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வங்கதேசத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 9-ஆம் தேதி 'ரொக்கேயா தினம்' கடைப்பிடிக்கப்படுகிறது. ரங்பூரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் அவரது பெயரைத் தாங்கியது. கணவரின் பெயரில் அவர் உருவாக்கிய சகாவத் நினைவுப் பள்ளி, பின்னர் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியாகி, கொல்கத்தாவின் லார்ட் சின்ஹா சாலையில் இயங்கி வருகிறது.

பள்ளிக்கு வராத குழந்தையின் வீட்டுக்கு ஆசிரியர் செல்வது, வீட்டு மொழியைக் கருத்தில் கொள்வது, பெற்றோரின் அச்சத்தைப் புறக்கணிக்காமல் அதற்கு வழி காண்பது, பொருத்தமான ஆசிரியர்களை உருவாக்குவது ஆகியவை இன்றும் கல்வித் துறை பேசிவரும் தேவைகளே. அவற்றை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கல்கத்தாவின் ஒரு சிறு சந்தில் 8 சிறுமிகளை வைத்துக்கொண்டு ரொக்கேயா செயல்படுத்தத் தொடங்கினார்.