அகஸ்டஸ் டி மோர்கன்

அகஸ்டஸ் டி மோர்கன் (ஜூன் 27, 1806 – மார்ச் 18, 1871) மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் ஆவார். இவர் பெயரால் வழங்கும் டி மோர்கன் விதிகள் கணக் கோட்பாடு, மின்னணுச் சுற்றுகள், தரவுத்தள வினவல்கள் ஆகியவற்றில் பயன்படுகின்றன.

வாழ்க்கை

இவரது தந்தை ஜான் டி மோர்கன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஆவார். அகஸ்டஸ் பிறந்து சிறிது காலத்திலேயே வலக்கண் பார்வையை இழந்தார். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்து சென்றது. கேம்பிரிட்ச் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1827 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். முதுகலைப் பட்டம் பெறச் சமய உறுதிமொழியில் கையொப்பமிட மறுத்ததால் அங்கு இவரால் பதவி பெற இயலவில்லை. அத்தகைய நிபந்தனை இல்லாத லண்டன் பல்கலைக்கழகத்தில் (பின்னாளில் யூனிவர்சிட்டி கல்லூரி) 1828 இல் முதல் கணிதப் பேராசிரியரானார். உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்டதை எதிர்த்து 1831 இல் விலகி, 1836 இல் திரும்பினார். ஜேம்ஸ் மார்ட்டினோவுக்குச் சமயக் காரணத்தால் பதவி மறுக்கப்பட்டபோது 1866 இல் மீண்டும் விலகினார்.

பணிகள்

முறைசார் ஏரணம் பற்றிய இவரது நூல் 1847 இல் வெளியானது. அடா லவ்லேசுக்குக் கணிதம் கற்பித்தார். டெல்லி கணித ஆசிரியர் ராமச்சந்திராவின் நூல் 1859 இல் லண்டனில் வெளிவர உதவினார். 1865 இல் லண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார்.

டி மோர்கன் விதிகள்

'அல்லது' கொண்டு இணைந்த கூற்றை மறுக்கும்போது அது 'மற்றும்' ஆகும். 'மற்றும்' கொண்டு இணைந்ததை மறுக்கும்போது அது 'அல்லது' ஆகும். இக்கருத்தை இடைக்கால ஏரணவியலாளர்களும் சொற்களால் அறிந்திருந்தனர்.

தரவுத்தள வினவல்களில்

எஸ்கியூஎல் வினவல்கள் எதிர்பாராத விடை தருவதற்கு இவ்விதியை மறப்பது ஒரு காரணமாகும். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டப் பயனாளிகளுள் அரூர், பென்னாகரம் வட்டத்தினரை நீக்கிய பட்டியல் தேவை எனக் கொள்வோம். வட்டம் அரூர் அல்ல 'அல்லது' வட்டம் பென்னாகரம் அல்ல என்று வினவினால், அவ்விரு வட்டத்தினரும் பட்டியலில் வருவர். ஏனெனில் அரூரைச் சேர்ந்தவர் பென்னாகரத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆகவே நிபந்தனையின் ஒரு பகுதி அவருக்கு உண்மையாகிறது. இங்கு 'மற்றும்' என்பதே சரியானது.

டி மோர்கனின் ஏரணத்தில் உண்மை, பொய் என இரு மதிப்புகளே உண்டு. எஸ்கியூஎல்லில் 'அறியப்படாதது' என்னும் மூன்றாம் மதிப்பும் உள்ளது. வட்டத்தின் பெயர் பதியப்படாமல் 'நல்' என இருக்கும் பயனாளிக்கு மேற்கண்ட ஒப்பீடுகள் அறியப்படாதவை ஆகின்றன. எனவே, திருத்திய வினவலிலும் அவர் பெயர் பிழைச்செய்தி ஏதுமின்றி விடுபடும். அவரைச் சேர்க்க, 'இஸ் நல்' என்னும் நிபந்தனையைத் தனியே 'அல்லது' கொண்டு இணைக்க வேண்டும்.

நினைவு

லண்டன் கணிதக் கழகம் இவர் பெயரில் பதக்கம் வழங்குகிறது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.