ஹாலுக்குப் படம் தேடுறீங்களா? ரவிவர்மா கதையைக் கேளுங்க!

புது வீட்டு ஹால்ல ஒரு சுவர் காலியா இருக்கு. அதுக்கு ஆன்லைன்ல படம் தேடிக்கிட்டிருக்கீங்களா? ஒரு நிமிஷம் ஸ்க்ரோல் பண்றதை நிறுத்துங்க.

1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, முதலில் வரைந்ததெல்லாம் பெரிய இடத்துச் சுவர்களுக்குத்தான். பரோடா மன்னர் தன் அரண்மனைக்காக 14 புராண ஓவியங்கள் வாங்கினார். அந்த சைஸ் கேன்வாஸ் உங்க டூ பெட்ரூம் ஃபிளாட்டுக்குள்ள நுழையுமா? விலையை விடுங்க, வாசற்படியே தாண்டாது!

ஓவியங்களை அச்சடித்துப் பரப்பலாம்னு அவருக்கு யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவ ராவ். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார் ரவிவர்மா. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல், ஜெர்மன் இயந்திரம், ஏகப்பட்ட செலவு. ஆனா, லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்குப் பொருந்துற அளவுல வந்து சேர்ந்தாங்க.

படம் பரவியது, அவருக்குக் கையில் காசு நிற்கல. கடன் கழுத்தை நெரிக்க, 1903-ல் அச்சகத்தை அங்கே வேலைபார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷரிடம் விற்றார். மூன்றே வருஷத்தில், 1906-ல் இறந்தும்போனார். அச்சு மட்டும் நிற்கல.

'காலண்டர் ஆர்ட்'னு பின்னாடி கேலி செஞ்சவங்க உண்டு. எனக்கென்னவோ, அந்தப் படங்கள்ல அம்மனுக்கு ஜரிகைச் சேலை ஒட்டி, மணி கோத்து, தங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கிட்டாங்க பாருங்க, அவங்க ரசனைதான் பிடிச்சிருக்கு. ஆர்டர் போடும் முன்னாடி பாட்டிக்கு ஒரு போன் பண்ணுங்க. பரண்ல ஒண்ணு கிடந்தாலும் கிடக்கும்.