குப்பைத் தொட்டியில் கிடந்த குழந்தை கால்பந்து வீரர் ஆனார்!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ளது ஆஸ்டின் நகரம். அங்கே எலா லேன் என்ற அம்மாள் ஒருநாள் தெரு வழியே போனார். குப்பைத் தொட்டியில் சத்தம் கேட்டது. பூனை கத்துகிறது என்று நினைத்தார். எட்டிப் பார்த்தார். கைக்குழந்தை! பிறந்து 3 மாதமே ஆகி இருந்தது.

எலா லேன் ஒரு விதவை. அவருக்கே பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் குழந்தையைத் தூக்கிச் சென்று வளர்த்தார். அந்தக் குழந்தைதான் புகழ்பெற்ற கால்பந்து வீரர் டிக் லேன்.

எண்ணெய் வழியும் வேலை

வளர்ந்ததும் லேன் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எண்ணெய் பூசிய தகடுகளைத் தூக்கவேண்டும். உடம்பெல்லாம் எண்ணெய் வழியும். வேலை பிடிக்கவில்லை.

1952-ம் ஆண்டு ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். தன்னைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை ஒட்டி வைத்திருந்த நோட்டைக் காட்டினார். அணியில் இடம் கிடைத்தது. நைட் டிரெயின், அதாவது இரவு ரயில் என்ற பட்டப்பெயரும் கிடைத்தது.

14 பந்துகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையால் எறிவார்கள், ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணி எறியும் பந்தைத் தரையில் படும் முன் பறித்தால், பறித்தவர் பெயரில் ஒன்று எழுதுவார்கள். வேறொருவர் கையில் பட்டுத் தெறித்து வந்தாலும், கணக்கு பிடித்தவருக்கே.

முதல் ஆண்டிலேயே 12 ஆட்டங்களில் 14 பந்துகளை லேன் பறித்தார். இப்போது ஓர் அணி ஆண்டுக்கு 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அப்படியும் அந்த 14-ஐ யாரும் எட்டவில்லை!

எழுதாத கணக்கு

லேனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. பந்துடன் ஓடுகிறவரைப் பாய்ந்து வீழ்த்துவார். கழுத்தை வளைத்துப் பிடித்தால் தப்ப முடியாது. ஆபத்தான பிடி என்று பின்னர் அதற்குத் தடை வந்தது.

அவர் எத்தனை பேரை வீழ்த்தினார்? அதிகாரபூர்வமான ஏட்டில் அந்தக் கணக்கே இல்லை. பந்து எறிபவரை வீழ்த்துவதைக்கூட 1982-ம் ஆண்டு முதல்தான் வீரர் பெயரில் எழுதுகிறார்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. லேன் 1965-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

14 ஆண்டுகளில் அவர் பறித்த பந்துகள் 68. 1974-ல் கால்பந்து வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 2002-ல், கண்டெடுக்கப்பட்ட அதே ஆஸ்டின் நகரில் காலமானார்.

ஏட்டில் இருப்பது 68. மீதிக் கணக்கு, அவர் பிடியில் சிக்கி விழுந்தவர்களுக்குத்தான் தெரியும்!