அண்டிரிக் அடிகளாரும் மன்னார்ப் பெயர்வும்

வ.உ.சி. துறைமுகத்திற்குத் தெற்கே, தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் அமைந்துள்ளது. அதற்கும் தெற்கே காயல்பட்டினம். பரதவரும் மரக்காயரும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வாழ்ந்த இம்முத்துக்குளித்துறையிலேயே, தமிழ் அச்சின் முன்னோடி எனப் போற்றப்பெறும் அண்டிரிக் அடிகளார் அரை நூற்றாண்டுக் காலம் பணியாற்றினார். அவர்தம் வாழ்வை அச்சு வரலாற்றோடு நிறுத்திவிடாது, இக்கரை மக்களின் இடப்பெயர்வோடும் இணைத்து நோக்க விழைகிறோம்.

அடிகளார் போர்ச்சுகல் நாட்டின் வில விசோசா என்னும் ஊரில் 1520 அளவில் பிறந்தவர். அவர்தம் முன்னோர் யூதர். 1497-இல் அந்நாட்டு யூதர்கள் கட்டாயமாகச் சமயம் மாற்றப்பட்டனர். அவ்வழி வந்தவர் என்னும் காரணத்தால் அவரும் பிரான்சிஸ்கன் சபையினின்று விலக்கப்பட்டார். பின்னர் 1545-இல் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டு கோவாவை அடைந்து, 1547-இல் இக்கரைக்கு வந்தார். அயராது தமிழ் பயின்று, போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழிலக்கணமும் யாத்தார்.

அக்காலத்தே இக்கரையில் அமைதி இல்லை. முத்துக்குளிப்பின் வருவாய்க்காகப் பல ஆற்றல்கள் மோதின. புன்னைக்காயல் தாக்குதல்களுக்கு உள்ளாயிற்று. 1560-இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து வெற்றி காணாத போர்ச்சுகீசிய ஆளுநர் கான்ஸ்தந்தீனு, மன்னார்த் தீவைக் கைக்கொண்டு கோட்டை கட்டினார். புன்னைக்காயலிலிருந்த போர்ச்சுகீசியரோடு பரதவர் பலரும் அங்குக் குடியேற்றப்பட்டனர். அடிகளாரும் அம்மக்களைத் தொடர்ந்து மன்னாரில் பணிபுரிந்தார். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வகுத்த கடல் எல்லை அன்று இல்லை. எனினும் ஊரையும் உறவையும் பிரிந்த துயர் அன்றும் துயரே அன்றோ?

அடிகளாரின் மடல்கள் உரோமாபுரி ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் அச்சேறின. அவை மேலிடத்திற்கு எழுதப்பெற்றவை. குடியேற்றிய அரசின் நிழலில் இருந்தவர் எழுதியவை. ஆதலின், தோணியேறிய குடும்பங்கள் தாமே சொல்லும் செய்தியை அவற்றில் நாம் எதிர்பார்த்தல் இயலாது. மரக்காயர் தரப்பு நியாயமும் அவ்வாறே. ஆவணத்தை நம்பும் ஆய்வாளர், அதனை எழுதிய கை எது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

ஆயினும் வேறொரு சான்று நமக்குண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். இந்திய எழுத்தில் அச்சேறிக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே முதலாவது. 1586-இல் அடியார் வரலாறு வெளிவந்தது. அறிஞர் ச. இராசமாணிக்கம் அதனை 1967-இல் தூத்துக்குடியில் பதிப்பித்தார். இந்நூல்களின் உரைநடையில் இக்கரையின் பேச்சு வழக்குகள் விரவிக் கிடக்கின்றன. பெயர் பதிவாகாத மக்களின் நாவொலி அங்கே பதிவாகியுள்ளது எனலாம்.

பிறப்பின் பெயரால் விலக்கப்பட்டவர், தாய்மண் விட்டுப் பெயர்ந்தோரின் மொழிக்கு அச்சு வடிவம் தந்து, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். கடலுக்கு அப்பால் உறவு கொண்ட இல்லங்கள் இக்கரையில் இன்றும் உள. அவற்றின் பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் முதியோர் நினைவுகளையும் தொகுப்பது நம் மாணவர் கடன். காப்பகங்கள் சொல்லாது விட்டதை அவை சொல்லக்கூடும்.