சிரிப்பில் தொடங்கிய சோழர் கதை

எஸ்.பி.எம். தேர்வுக்காக வரலாற்றை மனனம் செய்தே களைத்துப்போகும் ஜொகூர் பாரு மாணவர்களிடம் நான் கல்கியைப் பற்றிச் சொல்வதுண்டு.

1899-இல் புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, பள்ளிப் படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றவர். ஆனந்த விகடனில் நகைச்சுவை எழுத்தால் பெயர் பெற்றார். 1950-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோதும் அந்தக் குறும்பு அவரை விடவில்லை. தடியும் கையுமாகச் சைவரிடம் மல்லுக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியானைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதி வந்துவிடுகிறது.

ஆழ்வார்க்கடியான் கற்பனை. ஆனால், ஆதித்த கரிகாலன் கொலையில் வரும் ரவிதாசன் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறான். எது கல்வெட்டு, எது கல்கி என்று மாணவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்காகவே சொல்கிறேன்.

1954-இல் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கி மறைந்தார்.